குழந்தையைக் காட்ட வந்தவள்

ராத்திரி இரண்டு மணிக்கு, அசந்து தூங்குகிற மனுஷியை எழுப்பி முழங்காலில் தட்டிப் பார்ப்பது எந்த ஊர் நியாயம்?

சென்ற வருஷம் ஒரு அரசாங்க ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில், கட்டிலுக்கு அடியில் பாயை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கு இப்படித்தான் கோபம் வந்தது. என் சித்தி மகளுக்கு எட்டாம் மாதத்தில் ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறிவிட்டது. முகமும் காலும் வீங்கி, மண்டை பிளக்கிறது என்று அரற்றினாள். பார்த்துக்கொண்டிருந்த நர்ஸிங் ஹோம்காரர்கள், குறைமாதக் குழந்தைக்குத் தங்களிடம் வசதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். 108 வண்டியில் ஏற்றிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். சாயங்காலம் ஆபரேஷன். ஆண் குழந்தை; 1,600 கிராம். குழந்தை ஒரு மாடியில் கண்ணாடிப் பெட்டிக்குள், தாய் இன்னொரு மாடியில் கட்டிலில், சித்தி இரண்டு மாடிக்கும் நடுவே படிக்கட்டில். ஒரு நோயாளிக்குத் துணை ஒரு ஸ்திரீதான் என்ற விதிப்படி வார்டுக்குள் நான்.

வேதனையெல்லாம் ஓய்ந்து அவள் இப்போதுதான் கண்ணை மூடினாள். உடனே கையில் சின்ன ரப்பர் சுத்தியலுடன் நர்ஸ் வந்து நின்றாள். வயது நாற்பத்தைந்து இருக்கும். தலையில் இரண்டொரு நரை. போர்வையை விலக்கினாள், முழங்காலுக்குக் கீழே ஒரு தட்டுத் தட்டினாள், கால் உதைத்தது. மார்பைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிஷம் சும்மா நின்றாள். குனிந்து கட்டிலில் தொங்கிய சிறுநீர்ப் பையைப் பார்த்தாள். தாளில் எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் வந்தாள்.

"கொஞ்சம் தூங்கட்டுமே ஸிஸ்டர்" என்றேன், சற்றுக் கடுமையாகவே.

"தூங்கட்டும்மா. ஆனா தூங்கறாளா, வேற ஏதாவதான்னு எனக்குத் தெரியணுமில்லே?" என்றாள்.

பிறகு விஷயத்தைச் சொன்னாள். இந்த வியாதியில் திடீரென்று வலிப்பு வந்து தாயைக் கொண்டுபோய்விடும் அபாயம் உண்டு. அதைத் தடுக்க மெக்னீசியம் ஸல்ஃபேட் என்ற உப்பை ஊசி மூலம் கொடுக்கிறார்கள். கைகண்ட மருந்து, விலையும் மலிவு. ஆனால் அளவு மிஞ்சினால் மூச்சையே நிறுத்திவிடும். மூச்சு நிற்பதற்கு முன்பே ஓர் அடையாளம் தெரியும்: முழங்காலைத் தட்டினால் தானாக ஓர் உதை வருமே, அது வராமல் போகும். ஆகவே ஒவ்வொரு தடவை மருந்து கொடுக்குமுன்பும் காலைத் தட்ட வேண்டும். நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ண வேண்டும். சிறுநீர் சரியாகப் பிரிகிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றும் சரியாக இருந்தால்தான் அடுத்த ஊசி.

என் கோபம் போன இடம் தெரியவில்லை. தூக்கமும் போய்விட்டது. இத்தனை சிரத்தையுடன் ஒருத்தி அர்த்த ராத்திரியில் சுத்தியலைத் தூக்கிக்கொண்டு அலைகிறாளே, எதற்காக? பத்திரிகை உத்தியோகத்தில் இருப்பவளுக்கு வாய் சும்மா இருக்குமா? அவள் சற்று ஓய்வாக மேஜைக்கு வந்து உட்கார்ந்தபோது கேட்டுவிட்டேன்.

"நீங்க ஏன் ஸிஸ்டர் இந்த வேலைக்கு வந்தீங்க?"

"சம்பளத்துக்குத்தான்!" என்றாள். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

என் முகம் தொங்கியதைப் பார்த்துச் சிரித்தாள். "பின்னே என்னங்க? அப்பா செத்துப் போயிட்டார். கீழே ரெண்டு தங்கச்சி. நர்ஸிங் ஸ்கூல்லே சேர்ந்தா மாசா மாசம் ஸ்டைபண்டு தருவாங்க, ஹாஸ்டல் உண்டுன்னு எங்க டீச்சர் சொன்னாங்க. போய்ச் சேர்ந்துட்டேன். முதல் தடவை ரத்தத்தைப் பார்த்தப்போ மயக்கம் போட்டு விழுந்தேன்."

நான் எதிர்பார்த்த பதில் வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். தியாகம், சேவை, கருணை என்று ஏதாவது ஒன்று வரும், அதை அப்படியே எழுதிவிடலாம் என்று நினைத்திருந்தேன். நம் மனத்தில் நர்ஸ் என்றால் ஒரு சித்திரம் இருக்கிறது அல்லவா? 1961-ல் வந்த 'பாலும் பழமும்' படத்து சரோஜாதேவியை நினைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் புடவை, நீர் ததும்பும் கண்கள், தன்னை மறந்த பணிவிடை. அந்தக் கதாநாயகி ஒன்றாந் தேதி சம்பளம் வாங்கியதாக எனக்கு ஞாபகமில்லை.

வேலூர் ஆஸ்பத்திரியின் கதையைக் கேள்விப்படாதவர்கள் நம் வீடுகளில் குறைவு. அமெரிக்கப் பாதிரியாரும் டாக்டருமான ஜான் ஸ்கடரின் மகள் ஐடா, திண்டிவனத்தில் பெற்றோருடன் தங்கியிருந்த ஓர் இரவில், ஒருவர் பின் ஒருவராக மூன்று கணவன்மார் வந்து கதவைத் தட்டினார்கள். மூவர் வீட்டிலும் மனைவிக்குப் பிரசவ வேதனை. ஆண் டாக்டர் வந்து பார்ப்பதற்கு மூவர் வீட்டு வழக்கமும் இடம் கொடுக்கவில்லை. ஐடாவுக்கோ வைத்தியம் தெரியாது. பொழுது விடிவதற்குள் மூன்று தாய்மாரும் இறந்துபோனார்கள். அந்தப் பெண் அமெரிக்கா போய் டாக்டராகித் திரும்பி வந்து, 1900-ல் வேலூரில் வைத்தியத்தைத் தொடங்கினாள். 1909-ல் அங்கே நர்ஸ்களுக்குப் பயிற்சி ஆரம்பமாயிற்று. 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி.

மகத்தான கதைதான். ஆனால் அது ஒருத்தி ஏன் இந்தத் தொழிலுக்கு வந்தாள் என்ற கதை. எல்லார் வீட்டுக் கதவையும் விதி மூன்று தடவை தட்டுவதில்லை. பெரும்பாலான பெண்கள் நம் ஸிஸ்டரைப் போல, அப்பா இல்லை, ஸ்டைபண்டு உண்டு, நிலையான உத்தியோகம் என்றுதான் வருகிறார்கள். அதில் குறைவு ஒன்றுமில்லை. வந்தது எப்படியோ இருக்கட்டும். இருபது இருபத்தைந்து வருஷம் நிற்பது எதனால்? எனக்கு அதுதான் சுவாரஸ்யமாகப் பட்டது.

"சரி, இப்போ ஏன் இருக்கீங்க?" என்று கேட்டேன். அவள் யோசித்தாள். பதில் சொல்ல வாயெடுக்கும்போது பதினேழாம் நம்பர் கட்டிலில் ஒருத்தி "ஸிஸ்டர்!" என்று அலற, எழுந்து ஓடிவிட்டாள்.

அவள் திரும்பி வருவதற்குள் வேறொரு சங்கதி சொல்லிவிடுகிறேன். 1959-ல் அமெரிக்காவில் ஃபிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற மனோதத்துவ நிபுணரும் அவருடைய சகாக்களும் ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். பிட்ஸ்பர்க் பகுதியில் எஞ்சினீயர்கள், கணக்கர்கள் என்று சுமார் 200 பேரை உட்கார வைத்து, "வேலையில் உங்களுக்கு மிகவும் சந்தோஷமாக இருந்த சந்தர்ப்பம் எது, மிகவும் வெறுத்துப்போன சந்தர்ப்பம் எது?" என்று கேட்டிருக்கிறார்கள். சந்தோஷத்துக்குச் சொன்ன காரணங்கள் ஒரு ஜாதி: ஒரு காரியத்தைச் செய்து முடித்தேன், அதை நாலு பேர் கவனித்தார்கள், பொறுப்பை என்னிடம் விட்டார்கள், வேலையே பிடித்திருந்தது. வெறுப்புக்குச் சொன்னவை வேறு ஜாதி: மேலதிகாரியின் சிடுசிடுப்பு, அர்த்தமில்லாத விதிகள், வேலை செய்யும் இடத்தின் லட்சணம், சம்பளம். இந்த இரண்டாம் ஜாதிக்கு ஹெர்ஸ்பெர்க் வைத்த பெயர் வைத்தியத்திலிருந்து இரவல் வாங்கியது: சுகாதாரக் காரணங்கள். தெருச் சாக்கடை சுத்தமாக இருந்தால் காலரா வராது. அதற்காக யாரும் பயில்வானாகிவிட மாட்டார்கள். சம்பளமும் அப்படியாம். போதிய சம்பளம் இருந்தால் முணுமுணுப்பு அடங்கும். உற்சாகம் வேறு கிணற்றிலிருந்து ஊற வேண்டும்.

கெட்டிக்கார மனிதர். ஆனால் இதைப் பாதி மட்டும் படிக்கிறவர்கள் நம் நாட்டில் அதிகம். "உற்சாகம் பணத்தால் வருவதில்லை" என்பதை உருப்போட்டுக்கொண்டு, சாக்கடையைச் சுத்தம் செய்ய மறந்துவிடுகிறார்கள். 'சேவை' என்ற வார்த்தைக்கு நம் ஊரில் ஓர் அலாதி உபயோகம் உண்டு. யாருக்குச் சம்பளம் குறைவாகக் கொடுக்க வேண்டுமோ அவர்களுடைய வேலைக்கு அந்தப் பெயரைச் சூட்டிவிடுவது! தமிழ்நாட்டில் 2015-ல் பரீட்சை வைத்துத் தேர்ந்தெடுத்த அரசாங்க நர்ஸ்களுக்குத் தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்பது அவர்கள் நம்பி வந்த பேச்சு. இரண்டு வருஷம் ஆயிற்று; 2017 நவம்பரில் ஆயிரக்கணக்கான நர்ஸ்கள் சென்னை தேனாம்பேட்டை மருத்துவத் துறை வளாகத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். தனியார் ஆஸ்பத்திரிகளின் சங்கதியோ, சுப்ரீம் கோர்ட் தலையிட வேண்டிய அளவுக்குப் போயிற்று. அதன் உத்தரவுப்படி 2016-ல் அமைந்த கமிட்டி, 50 படுக்கைக்கும் குறைந்த சின்ன ஆஸ்பத்திரியானாலும் நர்ஸுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்றது. எழுதி வைத்தாயிற்று. நடப்பது என்னவென்று உங்கள் தெருக்கோடி நர்ஸிங் ஹோமில் வேலை செய்யும் பெண்ணைக் கேட்டுப் பாருங்கள்.

விளக்கேந்திய சீமாட்டி என்று பாடப் புத்தகத்தில் படித்தோமே, ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல், அந்த அம்மாளே இந்த விஷயத்தில் படு கறார். 1860-ல் லண்டன் ஸெயிண்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் அவருடைய நிதியில் தொடங்கிய பள்ளியில், பயிற்சி பெறும் பெண்களுக்குச் சாப்பாடு, தங்கும் இடம், உடுப்பு எல்லாம் கொடுத்து, அதற்கு மேல் வருஷத்துக்கு 10 பவுண்டு ரொக்கமும் கொடுத்தார்கள். விளக்குக்கு எண்ணெய் ஊற்ற வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

போற்றுவதில் மட்டும் நாம் குறை வைப்பதில்லை. 2020 மார்ச் 22-ந் தேதி மாலை ஐந்து மணிக்குத் தேசமே வாசலில் நின்று கை தட்டிற்று. எங்கள் தெருவில் பித்தளைத் தாம்பாளம் ஒன்று நசுங்கியே போயிற்று. நாலு வாரம் கழித்து, அதே நோய்க்குப் பலியான ஒரு டாக்டரை அடக்கம் செய்ய விடாமல், சென்னையில் ஒரு கும்பல் ஆம்புலன்ஸைக் கல்லாலும் கட்டையாலும் அடித்து விரட்டியது. கை தட்டியவர்களில் எத்தனை பேர் அந்தக் கும்பலில் இருந்தார்களோ, யார் கண்டது!

பதினேழாம் நம்பரைச் சமாதானப்படுத்திவிட்டு ஸிஸ்டர் திரும்பி வந்தாள். ஃபிளாஸ்க்கிலிருந்து எனக்கும் ஒரு மூடி டீ ஊற்றிக் கொடுத்தாள்.

"கேட்டீங்களே, ஏன் இருக்கேன்னு. ஒரு தடவை விட்டுடலாம்னு முடிவே பண்ணிட்டேன்" என்று ஆரம்பித்தாள்.

அப்போது அவள் ஒரு கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்தாள். ராத்திரியில் டாக்டர் இருக்க மாட்டார், நர்ஸ் ஒருத்திதான். ஒரு பெண்ணுக்குச் சுகப் பிரசவம் ஆயிற்று; நச்சுக்கொடியும் விழுந்தது. எல்லாம் முடிந்தது என்று நிமிர்ந்தால், ரத்தம் நிற்கவில்லை. கருப்பை சுருங்க ஊசி போட்டாள். இரண்டு கையிலும் ஸலைன் ஏற்றினாள். அடிவயிற்றைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். சுருங்கும், மறுபடி தளரும். 108-க்கு ஃபோன் பண்ணினாள். வண்டி வந்தது. அந்தப் பெண்ணின் தொப்புளுக்குச் சற்று மேலே முஷ்டியை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு அதே வண்டியில் ஏறிவிட்டாள். அங்கே அழுத்தினால் கீழே போகிற பெரிய ரத்தக் குழாய் அடைபட்டு, ரத்தம் போவது மட்டுப்படும். நாற்பது நிமிஷப் பிரயாணம். கையை எடுக்கவேயில்லை. ஆஸ்பத்திரி வாசலில் ஆட்கள் வந்து ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். இவள் மரத்துப்போன கையோடு, ரத்தக் கறைப் புடவையோடு, முதல் பஸ்ஸுக்காக விடியும்வரை திண்ணையில் உட்கார்ந்திருந்தாள்.

"பிழைச்சாளா?"

"மறுநாள் ஃபோன் பண்ணிக் கேட்டேன். ரத்தம் ஏத்தியிருக்கு, தேவலைன்னாங்க. அதோட சரி."

"யாரும் பாராட்டலியா?"

"பாராட்டா! நிலையத்தை விட்டுட்டு வண்டியிலே ஏறிப் போனது எந்த விதியிலே இருக்குன்னு கேட்டு எழுத்து மூலம் விளக்கம் வாங்கினாங்க" என்று சொல்லி, டீயை ஒரே மூச்சில் குடித்தாள். பிறகு மெதுவாக, "ஒரு தாய் செத்துப் போனா கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் விசாரணை உண்டும்மா. எத்தனை மணிக்கு வந்தா, எத்தனை மணிக்கு ஊசி போட்டே, ஏன் லேட்டுன்னு. வேணும், வேண்டாம்னு சொல்லலே. பிழைச்சுப் போனவளைப் பத்தி ஒருத்தரும் கேக்கறதில்லே. அவளும் நடந்து வீட்டுக்குப் போயிடுவா" என்றாள்.

அந்த விசாரணைகளை நான் குறை சொல்லத் தயாரில்லை. ஒவ்வொரு பிரசவ மரணத்தையும் துருவிப் பார்க்கும் வழக்கத்தால் இந்த ராஜ்யத்துக்கு நிச்சயம் நன்மை உண்டு. உயிரோடு பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு எத்தனை தாய்மார் இறக்கிறார்கள் என்று ஒரு கணக்கு எடுக்கிறார்கள். 2018-20 கணக்குப்படி இந்தியா முழுவதற்கும் 97, தமிழ்நாட்டில் 54. அந்த 54-க்கு ரிக்கார்டு இருக்கிறது. 97-க்கும் 54-க்கும் நடுவில் பிழைத்துப் போன 43 பேர் யார் யார்? அவர்களுக்கே தெரியாது. முழங்காலைச் சரியான நேரத்தில் தட்டியதனால் நிற்காத மூச்சை எந்த நோட்டில் எழுதுவது? சமையலறையில் இருக்கும் நமக்கு இது புரியும். பால் பொங்கி வழிந்தால் வீடு முழுவதும் தெரியும். தினம் வழியாமல் பார்த்துக்கொள்வது யாருக்குத் தெரிகிறது?

நர்ஸ்கள் எல்லாரும் அம்பாளின் அவதாரம் என்று நான் எழுதவரவில்லை. பிரசவ அறையில் வேதனைப்படும் பெண்ணிடம் கேட்கச் சகிக்காத வார்த்தைகளை வீசும் நர்ஸ்கள் உண்டு. அதைக் கேட்டுத் தலை குனிந்தவர்கள் இதைப் படிக்கிறவர்களிலேயே இருப்பீர்கள். ஆண் குழந்தை என்று சேதி சொல்ல ஒரு ரேட்டு, பெண்ணென்றால் ஒரு ரேட்டு என்று கை நீட்டும் சிப்பந்திகளும் உண்டு. மன்னிக்க முடியாத காரியங்கள். அன்று அந்த வார்டில் நான் எண்ணிப் பார்த்தேன்: 34 கட்டில், 2 நர்ஸ். இந்திய நர்ஸிங் கவுன்ஸில் வகுத்த கணக்கு, பயிற்சி ஆஸ்பத்திரியானால் பொது வார்டில் மூன்று பேருக்கு ஒரு நர்ஸ், மற்ற ஆஸ்பத்திரிகளில் ஐந்து பேருக்கு ஒருத்தி. காலை நான்கு மணி வாக்கில் நம் ஸிஸ்டரே ஒரு பெண்ணிடம் எரிந்து விழுந்தாள். நான் கேட்டேன் என்பது தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வேலையை விடறதா முடிவு பண்ணினேன்னு சொன்னீங்களே?" என்று நினைவூட்டினேன்.

"ஆமா. அந்த விளக்கம் எழுதிக் கொடுத்தது மனசிலே முள்ளு மாதிரி இருந்தது. அப்புறம் மாற்றலாயிட்டேன். அஞ்சு வருஷம் போச்சு. அவருக்கும் எனக்கும் தினம் இதே பேச்சு, விட்டுடறேன், விட்டுடறேன்னு. ஒரு நாள் பஸ் ஸ்டாண்டிலே நிக்கறேன். ஒரு பொண்ணு கிட்ட வந்து, நீங்க இன்ன ஊர்லே இருந்த நர்ஸம்மாதானேன்னு கேட்டா. எனக்கு அடையாளம் தெரியலே. கூட யூனிபாரம் போட்ட ஒரு குட்டி. 'வண்டியிலே வயித்தை அமுக்கிக்கிட்டே ஏதோ பாட்டுப் பாடிக்கிட்டு வந்தீங்களே, அது நான்தாம்மா' அப்படின்னா."

"பாடினீங்களா?"

"நான் எங்கே பாடினேன்! தூங்கிடாதே, தூங்கிடாதேன்னு சொல்லிச் சொல்லி, கை தளராம இருக்க ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணிக்கிட்டு வந்தேன். அவ காதுலே அது பாட்டா விழுந்திருக்கு. பொண்ணை முன்னாலே இழுத்துவிட்டு, நர்ஸம்மாவுக்கு வணக்கம் சொல்லுன்னா. அது வெக்கப்பட்டு அவ முந்தானைக்குள்ளே போய் ஒளிஞ்சுக்கிச்சு."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்தாள். சுத்தியலை எடுத்துக்கொண்டாள்.

"அன்னிக்கு ராத்திரி வீட்டிலே அந்தப் பேச்சை எடுக்கலே. அப்புறமும் எடுக்கலே. முழங்காலைப் பிடிச்சுக்குங்க, தட்டணும்."

மூன்று வாரம் கழித்து, குழந்தையை மார்போடு மார்பாகக் கட்டிக்கொள்ளக் கற்றுக்கொடுத்து, தாயையும் பிள்ளையையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஸிஸ்டரிடம் சொல்லிக்கொள்ளத் தேடினேன். அன்று அவளுக்கு ஓய்வு நாள். எல்லாரையும்போல நாங்களும் நடந்து வெளியே வந்துவிட்டோம்.

சென்ற மாதம் ஒன்பதாம் மாதத் தடுப்பூசி போட்ட கையோடு, என் தங்கையையும் பிள்ளையையும் அந்த வார்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஏழு கிலோ குண்டன். ஸிஸ்டர் இல்லை, வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டாளாம். மேஜையில் இருந்தவள் புதிதாக வந்த சின்னப் பெண். எங்களைக் கண்டதே கிடையாது. விஷயத்தைச் சொன்னதும் எழுந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள். "எத்தனையிலே பொறந்தது?" என்று கேட்டாள். "1,600" என்றோம். உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்: "அக்கா, இங்கே ஓடி வாங்க, நம்ம ஆயிரத்து அறுநூறு வந்திருக்கு!" ஸ்டோர் ரூமிலிருந்து ஒருத்தி, ஊசி போட்டுக்கொண்டிருந்த ஒருத்தி, பெருக்குமாற்றைச் சாய்த்துவிட்டு ஓர் ஆயா என்று நாலு பேர் கூடிவிட்டார்கள். பிள்ளை ஒவ்வொருத்தியின் மூக்கையும் பிடித்து இழுத்தான். தராசில் போட்டு நிறுத்தே தீருவேன் என்று ஆயா பிடிவாதம் பிடித்தாள்.

ஸிஸ்டரின் புதிய ஆஸ்பத்திரி எங்கே என்று விசாரித்து எழுதிக்கொண்டோம். பஸ்ஸில் மூன்று மணிப் பிரயாணம். குழந்தையை அலைக்கழிக்காதே என்று சித்தி ஆட்சேபித்தாள். என் தங்கை கேட்கவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆறரை மணி பஸ்ஸில் போகிறோம்.